பத்தியம் நீங்கிய நாள்

எங்கள் பக்கத்தில் டாக்டரோ வைத்தியரோ "அவர் கேக்கறத எல்லாம் குடுங்க" என்று சொல்லிவிட்டால், பெண்கள் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய் அழுவார்கள். அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. என் அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பனங்கிழங்கு கேட்டார். வாங்கி வருவதற்குள் போய்விட்டார்.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் என் வீட்டுக்காரர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் என்னவோ சொன்னார். கம்பவுண்டர் அதைத் தமிழில், "இனிமே பத்தியம் ஒண்ணும் வேணாம், இன்னா ஆசையோ துன்னுங்க" என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. இவர் சிரித்தார்.

"கேட்டியாடி? பத்தியம் போச்சு!"

வேறு ஒருத்தனுக்குச் சொல்லியிருந்தால் இவருக்கும் புரிந்திருக்கும். தனக்கு என்று வரும்போது காது வேறு மாதிரி கேட்கும்போல.

வயிற்றில் கட்டி அவருக்கு. மாசக்கணக்கில் அபிஷேகப்பாக்கத்து வைத்தியர் மருந்துதான். உப்பு கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடாது. அவருக்குத் தனிச் சட்டி, எனக்குத் தனிச் சட்டி என்று வைக்க எனக்கு மனசு வரவில்லை. யாரும் சொல்லாமலே நானும் அதே கஞ்சியைக் குடித்தேன். கட்டி கரையவில்லை என்றுதான் பாகூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பட்டணம் வந்தது.

வண்டி ஓட்டி வந்தவர் அவருடைய பெரியப்பா மகன். வாய் ஓயாத கிண்டல்காரர். வழியெல்லாம், "டேய், நீ ஏறியும் வண்டி காலியாதான்டா போவுது, மாட்டுக்குக் கொண்டாட்டம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் மாட்டை அவிழ்த்துவிட்டு, அந்தி சாய்வதற்குள் வரச் சொல்லியிருந்தார். அது வரைக்கும் கடைகடையாய்ப் போய்ச் சாப்பிடுவது என்று இவர் முடிவு செய்தார். எங்கள் ஊரில் பட்டணம் போய் வந்தவர்கள் சொன்ன கடைகள் எல்லாம் அவர் மனசில் இருந்தன.

நான் வாய் திறக்கவில்லை. எப்பவுமே பேச்சு வராதவள்தான் நான். அன்றைக்கு அது நல்லதாய்ப் போச்சு. வீடு போய்ச் சேரும் வரைக்குமாவது இவருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் ஒரு காப்பி கிளப். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற பெண்கள் உள்ளே போய் உட்காருவது கிடையாது. நான் வெளியே தூணோரம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் இவர் தோசை இருந்த இலையோடு வெளியே வந்துவிட்டார். பரிமாறுகிறவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஏம்பா, எலய எடுத்துண்டு எங்க போற? அந்த அம்மாவுக்கு வேற எல தரேன்."

"வேற எலயில துன்ன மாட்டா சாமி. நான் துன்ன எலதான் வேணும்."

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இலையைப் பார்த்தேன். தோசையில் ஒரு ஓரம் மட்டும் கிள்ளியிருந்தது. "புளிச்ச மாவு. நீ துன்னு" என்றார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தின்றேன். மாசக்கணக்கில் உப்பு படாத நாக்கு. அவ்வளவு ருசியாக இருந்தது. அழுகை ஒரு பக்கம், ருசி ஒரு பக்கம்.

அடுத்தது மார்க்கெட்டு முனையில் ஆப்பக்காரியிடம். ஆப்பத்தின் நடுவில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் வைத்தார். மீதியை என் கையில் கொடுத்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாம்மா, கிள்ளிக் கிள்ளிக் குடுக்கறாரு? புதுப் பொண்ணா?"

"புதுசுதான்க்கா. வருசம் ஆவ ஆவ புதுசாவுது" என்றார் இவர்.

"அய்ய, உடம்பு ஒட்டடக் குச்சி, வாயி ஏரி மதகு!"

இவர் சந்தோஷமாகச் சிரித்தார். சிரித்தபடியே அந்தப் பக்கம் திரும்பித் துண்டில் துப்பியதை நான் பார்த்தேன். "சரியா வேவல" என்றார்.

சாயபு கடையில் பாயா வாங்கினார். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "காரம் ஜாஸ்தி" என்று கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். வாய்க்காலோரம் ரொட்டி சுடுகிற கடையில் நீள ரொட்டி ஒன்று வாங்கினார். சூடாக இருந்தது. காப்பியில் முக்கித் தின்னணும் என்று சைகோன் போய் வந்தவர் ஒருவர் சொல்லியிருந்தாராம். பக்கத்தில் காப்பி வாங்கி முக்கினார். வெகுநேரம் மென்றார். இறங்கவில்லை. குற்றமெல்லாம் சமைத்தவன் மேல்தான். தோசை புளிப்பு, ஆப்பம் வேகல, ரொட்டி நேற்றையது. எல்லாவற்றையும் நான் தின்று முடித்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாரே. வயிறு முட்டி மூச்சு வாங்கியது.

"அடுத்த தபா வேற கடையா பாக்கலாம். கரும்பு வெட்டு முடியட்டும்" என்றார்.

"சரிங்க" என்றேன்.

வண்டி இருந்த இடத்தைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கத்தினார். "யோவ் அண்ணாத்த! பத்தியம் போச்சு! இன்னா வேணா துன்னலாம்னு வெள்ளைக்காரனே சொல்ட்டான்!"

நான் பின்னால் வந்தேன். எப்படித் தடுப்பது? பெரியவர்கள் முன்னால் பேசிப் பழக்கமில்லை. தடுக்க என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

அந்தக் கிண்டல்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். மாட்டைப் பூட்டப் போனார்.

"இன்னாய்யா, வாயில கொழுக்கட்டையா?" என்றார் இவர்.

"ஏறுடா. இருட்டிடும்."

'டா'வில் சத்தமே இல்லை. இவர் அண்ணனைப் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வண்டி அரியாங்குப்பம் தாண்டியது. அப்புறம் இவரே, "வைத்தியர் வூட்டாண்ட நிறுத்து" என்றார்.

வைத்தியர் விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இவர் கையை நீட்டினார். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார்.

"எதையாச்சும் ஒண்ணு கூடாதுன்னு சொல்லுங்கய்யா" என்றார் இவர்.

வைத்தியர் என்னைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கத்திரிக்காய் கூடாது" என்றார். "வாசனைகூடப் படக்கூடாது, சொல்லிட்டேன்." சத்தமாக, அதட்டுகிற மாதிரி சொன்னார்.

இவர் இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டார்.

தை பிறப்பதற்குள் போய்விட்டார். கடைசி நாட்களில் கஞ்சித் தண்ணிகூட இறங்கவில்லை. அப்போதும் பக்கத்து வீட்டில் குழம்பு கொதித்தால், "கத்திரிக்கா வாட வருதுடி, கதவச் சாத்து" என்பார். நான் எழுந்துபோய்ச் சாத்துவேன்.