முப்பத்தொரு பக்க அனுமதி மனு

ஜெபதாஸுக்கு எதையும் சுருக்கமாகச் சொல்ல வராது. பிறவிக் குணம் இல்லை, கம்பெனி பழக்கிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில், உற்பத்தி லைனில் ஒரு போல்ட் கீழே விழுந்தாலும் 'ஏன்-ஏன்' படிவம் எழுத வேண்டும். ஏன் விழுந்தது? கை வழுக்கியது. ஏன் வழுக்கியது? கையுறையில் எண்ணெய். இப்படி ஐந்து ஏன். பதினேழு வருடம் எழுதி எழுதி, சாம்பாரில் உப்பு கூடினால்கூட மனைவி கிரேசியிடம் ஐந்து ஏன் கேட்கும் அளவுக்கு மனிதர் தேறிவிட்டார். கிரேசி பொறுமைசாலி.

அப்படிப்பட்டவரைக் கம்பெனி மூன்றே வரியில் வேலையை விட்டுத் தூக்கியது. நாற்பது நிமிடம் லைனை நிறுத்தினாராம். சென்சார் செத்துக் கிடந்த மெஷினில் கூட வேலை பார்க்கும் ஐயனாரின் கை நசுங்கிவிடக் கூடாதே என்றுதான் நிறுத்தினார். அது அந்த மூன்று வரியில் இல்லை.

எப்படியாவது வேலை திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற பதற்றத்தில், தொழிலாளர் நீதிமன்றத்துக்குத் தன் வாதத்தைத் தானே எழுதினார். குற்றச்சாட்டுக்கு ஐந்து ஏன், ஒவ்வொரு ஏனுக்கும் இன்னும் ஐந்து. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது.

"இன்னாண்ணா இது? இருபது பக்கத்துக்கு மேல வாங்க மாட்டாங்க," என்று அவருடைய வக்கீல் கனிஷ்கா தலையில் கை வைத்தாள். "கூடுதல் பக்கத்துக்கு அனுமதி கேட்டு மனு போடணும். ஒரு பக்கம் போதும்."

"அத நானே எழுதினு வந்துர்றேம்மா."

வந்தார். ஏன் இத்தனை பக்கம் என்பதற்கு ஐந்து ஏன், முப்பத்தொரு பக்கம். அன்றைக்குத்தான் கடைசி நாள் என்பதால் கனிஷ்கா பல்லைக் கடித்துக்கொண்டு தாக்கல் செய்தாள்.

நீதிபதி மனுவைக் கையில் எடை பார்த்தார். "அனுமதி கேக்கிற மனுவே வரம்பைத் தாண்டிடுச்சே. இதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனி வக்கீல் தளவாய் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

ஜெபதாஸுக்கு அவமானத்தில் காது சுட்டது. எழுந்துவிட்டார். "ஐயா, போல்ட் வுழுந்தாலே ஏன்னு எழுதணும்ன்றது அவங்க சட்டம். என்னைத் தூக்குனாங்களே, அதுக்கு எழுதுன படிவம் எங்க கீதுன்னு கேளுங்கய்யா. அத குடுக்கட்டும், எனக்கு ஒரு பக்கம் போதும்."

சிரிப்பு நின்றது. நீதிபதி தளவாயைப் பார்த்தார். தளவாய் தன் காகிதக் கட்டைப் புரட்டினார். படிவம் இல்லை. ஜெபதாஸின் மனு தள்ளுபடியானது. அவருக்கு இருபதே பக்கம். கம்பெனியும் அடுத்த வாய்தாவுக்குள் ஐந்து ஏனுக்கும் பதில் எழுதித் தர வேண்டும் என்று உத்தரவானது.

அடுத்த வாய்தாவில் தளவாய் முதல் ஆளாக எழுந்து ஒரு மனுவை நீட்டினார். மூன்று வரியில் ஆளைத் தூக்கிய கம்பெனிக்கு, ஏன் தூக்கினோம் என்று சொல்ல இருபது பக்கம் போதவில்லையாம். கூடுதல் பக்கத்துக்கு அனுமதி கேட்டிருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

பழக்க தோஷத்தில் ஜெபதாஸ் ஒரு விரலை மடக்கினார். இன்னும் நாலு இருந்தது.