ரயில் நேரத்தில் சாத்திய கடை

ரப்பர் விறகுப் புகை வாசனை வந்தால் இன்றைக்கும் என் கண் வாசலைத் தேடும். மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நிலக்கரி ஏது? விறகை எரித்துத்தான் ரயில் ஓடியது. கெமாஸ் ஸ்டேஷனுக்கு வண்டி வருமுன்பே அந்தப் புகை எங்கள் கடைக்குள் வந்துவிடும்...

தொண்ணூறு தாண்டிவிட்டேன். நான் சொல்லச் சொல்லப் பேரன் கைபேசியில் தட்டுகிறான். பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

ஸ்டேஷனுக்கு எதிர் வரிசைக் கடைகள் எல்லாமே ரயிலை நம்பிப் பிழைத்தவை. எங்களுடையது மளிகைக் கடை. அரிசி, கருவாடு எல்லாம் கூட்ஸ் வண்டியில் வரும். வாங்குகிற ரப்பர் தோட்டத்து ஜனங்களும் ரயிலில்தான் வருவார்கள். என்னைப் பெற்ற அத்தாவுக்கு ஒரே சட்டம்... ரயில் நிற்கும் நேரத்தில் கடையைச் சாத்தக் கூடாது. அவருடைய அத்தா மௌத்தாகி அடக்கம் செய்த அன்றுகூடப் பாதிக் கடை திறந்திருந்ததாம். அப்படி ஒரு பிடிவாதக்காரர்.

ஒரு நாள் அத்தா உப்பு வாங்கத் தம்பின் டவுனுக்குப் போயிருந்தார். மத்தியான வண்டியில் திரும்ப வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்த முனியாண்டி அண்ணன் பின்வாசல் வழியாக அம்மாவிடம் ஓடி வந்தார்.

"அக்கா, ஸ்டேஷன் பக்கத்துல ஜப்பான்காரன் லோரி நிக்குது. எறங்குற ஆம்பளைங்கள புடிச்சு சயாமுக்கு ஏத்தப் போறான். அண்ணன் இந்த வண்டியிலதானே வர்றாரு?"

சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர் யாரும் அதுவரை திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. பிளாட்பாரத்தில் துப்பாக்கிக் காவல். உள்ளே போய்ச் சொல்ல வழியில்லை. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பலகைய எடுடி. கடைய சாத்தணும்."

"ரயிலு வர்ற நேரம்மா..."

"அதுக்குத்தான்டி! சீக்கிரம்."

கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகினோம். எதிரே நின்ற சிப்பாய் எங்களையே பார்த்தான். அம்மா குனிந்து வணங்கி, என்னைக் காட்டி, காய்ச்சல் என்று நடுங்கிக் காட்டினார். நான் பலகையில் சாய்ந்து இருமிக் காட்டினேன்.

பலகை இடுக்கில் பார்த்தோம். வண்டி நின்றது. அத்தா உப்பு மூட்டையோடு படியில் ஒரு கால் வைத்துவிட்டார். கடையைப் பார்த்தார்...

அந்தக் கால் அப்படியே உள்ளே போனது.

மற்றவர்கள் இறங்கினார்கள். எங்கள் கடை வழக்கம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? "எறங்காதீங்கய்யா" என்று அம்மா வாய்க்குள்ளேயே சொல்லி அழுதார். லோரி நிறைந்து போனது.

அத்தா அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ரப்பர் காட்டுக்குள் நடந்து மறுநாள் வந்து சேர்ந்தார். உட்காரக்கூட இல்லை.

"லாபு தோட்டத்துப் பையன் ஒருத்தன் பக்கத்துல உட்காந்து வந்தான். இங்க அவனுக்குப் பிள்ள பொறந்திருக்காம், பாக்க வந்தான். எறங்காதடான்னு ஒரு வார்த்த சொல்ல எனக்கு வாய் வரலியே..."

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்கள் யார் வந்தாலும் அத்தா சோறு போட்டு அந்தப் பையனைப் பற்றி விசாரிப்பார். "பேரு என்னா பாய்?" என்று கேட்பார்கள். வழி நெடுகப் பேசி வந்த அத்தா, பெயரைக் கேட்கவில்லை.

இப்போது கெமாஸில் மின்சார ரயில். எதிர் வரிசையில் கைபேசிக் கடை. வண்டி வந்தாலும் போனாலும் கடைக்காரர் தலை நிமிர்வதில்லை. பயணிகளும் காதில் எதையோ செருகிக்கொண்டு அவரவர் உலகத்தில் இருக்கிறார்கள். நான் விடுவதில்லை. ரயிலில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் முதலில் பெயரைக் கேட்டுவிடுவேன். பேரனுக்கு மானம் போகிறதாம். போகட்டும்.