ஜீப்புக்கு அடியில் விரித்த அட்டை

காலையில் எழுந்ததும் என் மனைவி முகம் கழுவப் போகமாட்டாள். எங்கள் லயத்து வீட்டுக்கு முன்னால் நிற்கும் ஜீப்பிடம்தான் போவாள். எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அடியில் நான் விரித்து வைத்திருக்கும் பால்மா பெட்டி அட்டையைப் பார்ப்பாள்.

"இன்னைக்கும் எண்ண சொட்டியிருக்குங்க."

"தெரியும். நீ உள்ள போ, பனி கொட்டுது."

அவள் எதற்குப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் முதல் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டது. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் மேல் டிவிசனிலிருந்து கீழே ரோட்டுக்குப் போகும் பாதையில் த்ரீவீலர் ஏறாது. அன்றைக்குக் கிடைத்தது தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிதான். மழையில் அது சேற்றில் புதைந்து, பத்துப் பேர் தள்ளி ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்காகத்தான் இந்தக் கிழட்டு ஃபோர்வீல் ஜீப்பை வாங்கினேன். அடுத்த தடவை உன்னை நானே கூட்டிக்கொண்டு போவேன் என்று அவளிடம் சொல்லித்தான் வாங்கினேன்.

ஆயுத பூசை முடிந்து ஒரு வாரத்தில் பின் அச்சில் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. தரையில் மட்டும் சொட்டினால் ஊற்றி ஊற்றி ஓட்டிவிடலாம். இது சக்கரத்துக்குள் கசிந்து பிரேக்கில் ஏறிக்கொண்டது. ஒருநாள் கோயில் வளைவில் மிதிக்கிறேன், வண்டி நிற்கவில்லை. தேயிலைச் செடிக்குள் பாய்ந்துதான் நின்றது. அவள் வண்டியில் இல்லை என்பதை நினைத்து நினைத்து, அரை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

கீழே கினிகத்தேனை டவுனில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். கைவேலைக்காரர்களை இங்கே பாஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பஸ்ஸில் கிளினிக்குக்குப் போயிருந்த அவளை அங்கே வரச்சொல்லிவிட்டு, வண்டியை முதல் கியரிலேயே ஊர்ந்து கொண்டுபோனேன். முதல் கேள்வியே இதுதான்:

"தம்பி, பிரீதர் பாத்தீங்களா?"

ஓடும்போது அச்சு சூடாகி உள்ளே காற்று உப்பும். அது வெளியேற மேலே ஒரு சின்னக் குழாய் இருக்கும், அதுதான் பிரீதர்.

"அதெல்லாம் பாத்துட்டேன் பாஸ்."

பார்க்கவில்லை. பத்து வருஷம் வேன் ஓட்டினவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குள் ஒரு கொழுப்பு. அவர் என் பேச்சை நம்பி, எண்ணெயைத் தடுக்கும் சக்கரத்து ரப்பர் சீல்களைக் கழற்றிப் புதிதாக மாட்டினார். பத்து நாளில் மறுபடியும் ஒழுகியது. மறுபடியும் மாற்றினார். மறுபடியும் ஒழுகியது. மூன்றாவது தடவை போனபோது, பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"பழைய சீல மாட்டிட்டு புதுசுன்னு ஏமாத்துறியா?"

என் அப்பா வயது அவருக்கு. கையைத் துடைத்துக்கொண்டு, "வேற ஆளப் பாருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

சரிதான் போ என்று வீம்பாக வந்து, நானே அடியில் படுத்தேன். அச்சை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினேன். காய்ந்ததும் அவளுடைய முகப்பவுடரை டப்பாவோடு கொட்டித் தூவினேன். ஒழுகும் இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். மெதுவாகத் தேயிலை ஃபெக்டரி வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து, மறுபடியும் டோர்ச்சோடு படுத்தேன்.

எல்லா இடமும் நனைந்திருந்தது. வலது சக்கரம், இடது சக்கரம், அச்சின் நடுவில் இருக்கும் உருண்டையின் முன்பக்கம், எல்லாமே. ஒரு சீல் கெட்டால் ஒரு பக்கம்தான் ஒழுகும். எல்லாப் பக்கமும் ஒழுகுகிறது என்றால் உள்ளே அடைபட்ட காற்று தள்ளுகிறது. அச்சுக்கு மேலே கையை விட்டுத் தடவினேன். என் மண்ணெண்ணெய் எட்டாத அந்த இடத்தில் சேறும் காய்ந்த சந்தனமும் கெட்டியாக ஒட்டியிருந்தன. சுரண்டினால், பிரீதர் குழாய்க்குள் துணி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பூசைக்கு முதல்நாள் ஜீப்பை ஓடையில் இறக்கிக் குளிப்பாட்டினேன். தண்ணீர் உள்ளே போய்விடக்கூடாதென்று நானேதான் துணியைக் கிழித்து அடைத்தேன். மறுநாள் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊரெல்லாம் பொரிகடலை கொடுத்தேன். துணியை மறந்தே போனேன். குறட்டால் இழுத்ததும் புஸ்ஸென்று காற்று வந்தது.

வெளியே வந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அதக் குடுங்க."

வாங்கி விரித்தாள். வெள்ளை வேட்டித் துண்டு. கறுத்துப்போயிருந்தாலும் ஓரத்தில் அவள் கையால் மடித்துத் தைத்த தையல் தெரிந்தது.

"மொதப் புள்ளைக்கு இடுப்புல கட்டன்னு பன்னெண்டு துண்டு தச்சு பெட்டியில வச்சிருந்தேன். பூச முடிஞ்சு எண்ணுனா பதினொண்ணுதான் இருந்துச்சு. இந்தப் புள்ளையும் தங்காதுன்னு சாமி காட்டுதுன்னு நெனச்சேன். ஒங்ககிட்ட சொல்லக்கூட பயமா இருந்துச்சுங்க."

மூன்று மாதம். ஒருத்தி இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு தினமும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். வெட்கத்தில் செத்துவிடலாம் போல் இருந்தது.

"பிரீதர அடைக்கத் தேடுனப்ப கையில அம்புட்டுச்சு. பழைய துணின்னு எடுத்துட்டேன்."

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை.

"பாக்காமலே பாத்துட்டேன்னு பாஸ்கிட்ட சொன்னீங்க. இன்னும் எதெதப் பாக்காமலே பாத்துட்டேன்னு சொல்லியிருக்கீங்க? சொல்லுங்க. நான்தானே அதுல போகணும்."

பாஸுக்குப் போன் எடுத்தேன். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன், எடுத்தார்.

"பாஸ், பிரீதர்தான். நான் பாக்கல. அன்னைக்குப் பொய் சொன்னேன். ஒங்கள அப்படிப் பேசினது தப்பு, மன்னிச்சிருங்க. அவளுக்கு மாசம் கிட்டிருச்சு. பிரேக்கு, டயரு, எல்லாத்தையும் ஒரு தடவ நீங்க பாக்கணும். நான் பாத்ததையும் சேத்து."

பாஸ் ஏதோ சாமானைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"காலையில மொத பஸ்ஸுக்கு வாறேன். அந்தப் பிரேக்குல வண்டிய அசைக்காதீங்க. தொடைக்கப் பழைய துணி நெறையா எடுத்து வைங்க."

போன் சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது. அந்தத் துண்டைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தாள். நான் போட்டிருந்த சட்டையைக் கழற்றி, அவள் முன்னாலேயே நாலாகக் கிழித்து ஜீப்புக்குள் வைத்தேன்.