பாட்டுக்குத் தாளம் தந்த குழி

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வேலை பார்த்த என் நண்பர் இசையமைத்த ராக் பாட்டு இன்றும் சேலம் கல்லூரி விழாக்களில் ஒலிக்கிறது. அதன் தாளத்தை, நாமகிரிப்பேட்டை அருகே தாங்கள் துளைத்த, தண்ணீர் வராத போர்க்குழியின் மூச்சிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன்.

தோட்டத்துக்கார அம்மா மூடியிருந்த கல்லை நகர்த்தினார். குழியிலிருந்து காற்று சீராக வந்து போனது.

"எங்கூட்டுக்காரரு போனப்பறம் இதுதானுங்க துணை. நாளைக்கு மகன் மண்ணக் கொட்டி மூடறேங்கறான். சத்தம் நெசந்தான்னு அவங்கிட்ட நீங்க சொல்லுங்க சாமி."

ஒப்பிட்டுப் பார்க்கக் கைபேசியில் பாட்டைப் போட்டேன். மூச்சு நின்றது. பாட்டு முடிந்ததும் மறுபடி தொடங்கியது.

"பாட்டுக் கேட்டாருங்க," என்றார் அம்மா.

வரப்பில் வந்த மகனிடம், எனக்கும் கேட்டது என்றேன். அவர் குழியைப் பார்க்கவில்லை.

"எனக்குந்தான் தெனமும் கேக்குதுங்க. அதனாலதான் மூடறேன்."