ஒன்பதாம் கட்டத்தில் ஒரு சொல்

அலுவலகத்தில் அவருக்குத் 'திருப்பி' என்று பெயர். வைத்த மகராசன் யாரோ, கச்சிதமாக வைத்திருக்கிறான். மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசு நிதி கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேசையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், எவ்வளவு பெரிய பேராசிரியர் தலைகீழாக நின்றாலும் விண்ணப்பம் வந்த வழியே திரும்பிவிடும். தன் கல்யாணப் பத்திரிகையையே மூன்று முறை அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பிய பெண்மணியிடம் யாருடைய பருப்பு வேகும்?

அந்த வருடம் அரசு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. தோற்றுப்போகவே வாய்ப்பு அதிகம், ஆனால் ஜெயித்தால் வைத்தியத்தையே புரட்டிப் போட்டுவிடும், அப்படிப்பட்ட ஆராய்ச்சிகளுக்கு மட்டும் நிதி. நல்ல யோசனைதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் படிவத்தைப் புதிதாக எழுத யாருக்கு நேரம் இருக்கிறது! பழைய படிவத்தில் தலைப்பை மட்டும் மாற்றி அச்சடித்துவிட்டார்கள். ஒன்பதாம் கட்டம் அசையாமல் அங்கேயே இருந்தது: 'எதிர்பார்க்கும் முடிவு.'

கடைசி நாள். சரிபார்த்த விண்ணப்பங்களை ஐந்து மணிக்கு மேல் மாடியில் இருக்கும் தேர்வுக் குழு வாங்காது. மூன்றரை மணிக்கு அவர் பிரித்த விண்ணப்பத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒன்பதாம் கட்டத்தில் மட்டும் ஒரே ஒரு சொல்: 'தெரியாது.'

என்ன திமிர் என்று முதலில் கோபம்தான் வந்தது. எண்ணைத் தேடி எடுத்து ஆராய்ச்சியாளரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"ஏம்மா, அவசரத்துல எழுதிட்டியா, இல்ல விளையாட்டா?"

"ரெண்டும் இல்ல மேடம்," என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். "குடல்புழு வருஷக்கணக்கா நம்ம உடம்புக்குள்ள இருக்கு. உடம்பு அத விரட்டாம விட்டுவைக்குது. அது எப்படி ஏமாத்துதுன்னு கண்டுபிடிச்சா, வேற ஒருத்தர் குடுத்த சிறுநீரகத்தையும் உடம்பு விரட்டாம பாத்துக்கலாமான்னு தேடுறேன். முடியுமான்னு தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு மேடம் ஆராய்ச்சி பண்ணணும்?"

திருப்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் தொடர்ந்தாள்.

"வேற திட்டங்களுக்கு மூணு தடவை போட்டேன், மூணு தடவையும் அந்தக் கட்டத்துல கதை அளந்தேன். இந்தத் தடவை மனசு வரல. இளம் ஆராய்ச்சியாளர் பிரிவுல படிப்பு முடிச்சு பத்து வருஷத்துக்குள்ள போடணுமாம். எனக்கு இதான் கடைசி வருஷம்."

தொலைபேசியை வைத்தபோது கண்காணிப்பாளர் பின்னாலேயே நின்றிருந்தார். எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம் யோசனை? திருப்பிடுங்க. ஒன்பது காலி."

"காலி இல்ல சார். எழுதியிருக்காங்களே."

"தெரியாதுன்னு எழுதினா அது எழுதினதா?"

"கட்டம் நிரம்பியிருக்கான்னு பாக்குறது என் வேலை. நிரம்பியிருக்கு. அது நல்ல பதிலா கெட்ட பதிலான்னு பாக்கத்தான் மேல ஒரு குழுவே இருக்கே."

கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு இந்த ஆராய்ச்சி ஊத்திக்கிச்சுன்னா, யாரு இத மேல அனுப்பினதுன்னு உங்க தலையத்தான் உருட்டுவாங்க. உங்க பதவி உயர்வு ஃபைல் அடுத்த மாசம் என் மேசைக்கு வருது. பாத்துக்கங்க."

திருப்பியின் கை முத்திரைக்குப் போனது. ஏழு வருடமாகக் காத்திருக்கிற பதவி உயர்வு. ஒரு முத்திரை குத்தித் திருப்பிவிட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. ஆனால் இருபத்தாறு வருடத்தில் சரியாக நிரப்பிய ஒரு விண்ணப்பத்தைக்கூட அவர் திருப்பியதில்லை. அந்தப் பெயரை ஒரு மிரட்டலுக்காகவா கெடுத்துக்கொள்வது? சரிபார்ப்புச் சீட்டில் 'முழுமையாக உள்ளது' என்று எழுதி, சுருக்கொப்பம் இல்லாமல் முழுக் கையெழுத்தே போட்டார். யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. நான்கு மாடி ஏறி, மூச்சிரைக்க, ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குழுவின் பதிவேட்டில் தானே பதியவைத்தார்.

குழு அந்தப் பெண்ணுக்கு நிதி கொடுத்தது. திருப்பியின் ஃபைல் மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போனது. அதற்காகக் கண்காணிப்பாளரை வீட்டில் வாய் வலிக்கத் திட்டினார். "போட்ட கையெழுத்த நெனச்சு வருத்தமா?" என்று கணவர் கேட்டபோது, "எனக்கென்னங்க வருத்தம்? பெருமையாத்தான் இருக்கு," என்றார்.

குழுவினரும் சும்மா இருக்கவில்லை. மறுவருடம் படிவத்தில் ஒன்பதாம் கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்ந்திருந்தது: 'தெரியாவிட்டால் அப்படியே எழுதலாம்.'

இருநூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் வந்தன. பிரிக்கப் பிரிக்க அவருக்கு நம்பவே முடியவில்லை. பாதிக்கு மேல் 'தெரியாது.' அடப்பாவிகளா, இத்தனை பேரா! கண்காணிப்பாளரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அடியில் இருந்தது ஒரு மூத்த பேராசிரியருடையது. வருடம் தவறாமல் ஏதாவது ஒரு திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர், அந்தக் கட்டத்துக்கென்றே தனியாக மூன்று பக்கம் இணைப்பவர். என்ன தெளிவு என்று திருப்பியே வியந்திருக்கிறார். இந்த முறை இணைப்பு எதுவும் இல்லை. கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் இரண்டே வரி. திருப்பி எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரிவு முழுவதற்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார்.

"தெரியாது. போன இருபது வருடமும் தெரியாதுதான்."