மச்சான் கழுத்தில் என் கேமரா

கருவடிக்குப்பத்தில் ஒருவர் தன் ஃபிலிம் கேமராவை விற்கிறார் என்று தெரிந்ததும் ஓடிப்போய் வாங்கி வந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட கம்பெனி. "ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் வச்சிப் பாருங்க சார், புடிக்கலன்னா கொண்டாந்துடுங்க" என்று அவரும் தாராளமாகச் சொல்லியிருந்தார்.

அதைத் தூக்கிக்கொண்டு நேராக மூலக்குளம் போனேன், என் மனைவியின் அண்ணன் வீட்டுக்கு. கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகளின் புதுநன்மை என்று ஊரெல்லாம் படமெடுத்த மனிதர். அதே கம்பெனியின் பழைய மாடல் அவரிடம் உண்டு. குளிக்கும்போதுதான் அது கழுத்தைவிட்டு இறங்கும்.

மச்சான் என் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃபிலிமை நகர்த்தும் லீவரை நகத்தால் தட்டினார்.

"பிளாஸ்டிக்கு. கம்பெனிய வித்ததுக்கு அப்புறம் செஞ்சது மாப்ள இது."

"வித்தா இன்னா மச்சான், அதே பேருதானே?"

"வீட்ட வித்துட்டுப் போறவன் செவுத்து ஆணியக்கூட புடுங்கினு போறான். கம்பெனிய வித்தவன் தரத்த மட்டும் விட்டுட்டா போயிருப்பான்?"

இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபமே வராது, ஆளைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். ஆனாலும் கேமராவைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. மச்சான் வேண்டாம் என்றால் வைத்துக்கொள்ளத் தைரியமும் இல்லை. அவர் சொன்னது பொய்யுமில்லை. மேல்தோல் ஒரு மூலையில் உரிந்திருந்தது. பழையதின் கனமும் இல்லை.

ஞாயிறு காலை பெரிய மார்க்கெட்டில் பரீட்சை. ஒரே ஆளை இரண்டு கேமராவிலும் மச்சானே எடுப்பார். மீன்காரம்மா ஒருவர் வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்து நின்றார். மச்சான் வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டு, பழையதில் எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். என்னுடையதை வாங்கினார். கழற்ற மறந்து அப்படியே கண்ணில் வைத்தவர், அசையாமல் நின்றுவிட்டார்.

"இன்னாண்ணே, செலையாயிட்ட? கை வலிக்குது, எடு."

"கண்ணாடியோடவே நாலு மூலையும் தெரியுது மாப்ள" என்றார் மச்சான், மெதுவாக.

பழையதில் கண் வைக்கும் ஜன்னல் சின்னது, மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் ஓரங்கள் தெரியாது. புது முதலாளிகள் அதை அகலமாக்கியிருக்கிறார்கள்!

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மூட்டை தூக்குகிறவர், பூக்கடை, பூசணிக் குவியல் என்று பாய்ந்துகொண்டே இருந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பழசுலயும் ஒண்ணு எடுங்க மச்சான், பரீட்சையாச்சே."

"இருய்யா, வெளிச்சம் மாறிடும்."

என் ஃபிலிம் தீர்ந்ததும் தன் பையிலிருந்து ஒன்றைப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் கடற்கரையிலும் அதே ஆட்டம். அங்கேதான் கருவடிக்குப்பத்துக்காரரின் போன் வந்தது.

"இன்னா சார், திருப்பித் தர்றீங்களா?"

"தரம் கொறஞ்சுதான் போச்சுன்னு சொல்லு" என்றார் மச்சான், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே. "லீவரு பிளாஸ்டிக்குதான்."

அவருடைய பழையது காலையிலிருந்தே என் கழுத்தில் கனத்துக்கொண்டிருந்தது.

"திருப்பித் தரணும்னா, மொதல்ல மச்சான்கிட்டருந்து வாங்கணும் சார்" என்றேன்.