வெர்டெல் நீட்டிய தாள்

எனக்குக் கோபம் மூக்கு மேல நிக்கும்னு எங்க சபையில சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சொல்லட்டும். வெர்டெல் பிக்கன்ஸ் கதையை ஒருத்தன் அமைதியா உட்கார்ந்து சொல்றான்னா, அவன் அன்னைக்கு எங்க சர்ச் கீழ்த்தளத்துல இல்லைன்னு அர்த்தம்.

நான் லெமுவேல் பிராட்னாக்ஸ். டெட்ராய்ட்டுக்கு வடக்க இருக்கிற சாகினா ஊர் இரும்பு வார்ப்பாலையில முப்பத்தோரு வருஷம் வெந்துட்டு வெளிய வந்தவன். ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல இடது கதவுல நான் நிப்பேன், வலது கதவுல வெர்டெல் நிப்பா. வர்றவங்களை உட்கார வைக்கணும், வேண்டியதை எடுத்துக் குடுக்கணும், அதான் எங்க வேலை. வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை, இடது கை முதுகுக்குப் பின்னால. இருபத்திரண்டு வருஷமா அவ அந்தக் கதவை விட்டு அசைஞ்சதில்லை. மத்த நாள்ல பள்ளிக்கூடச் சமையலறையில பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவா. "இன்னும் கொஞ்சம் மிஸ் வெர்டெல்"னு கேட்ட பிள்ளைக்கு ஒருநாளும் இல்லைன்னு சொன்னதில்லை.

எங்க சபையில ஒரு வழக்கம். கதவுல நிக்கிறவங்க ஒண்ணை நீட்டினா, என்ன ஏதுன்னு பார்க்காம வாங்கிக்குவோம். பாட்டுல உருகி அழுதுக்கிட்டிருக்கிறப்ப யார் கண்ணைத் திறந்து பார்ப்பா? முகத்துக்கு முன்னால ஒரு வெள்ளைக் கையுறை வரும். அதுல கைக்குட்டை இருக்கும், விசிறி இருக்கும், தண்ணி இருக்கும். வாங்கிக்க வேண்டியதுதான். அதுலயும் வெர்டெல் கைன்னா கேக்கவே வேணாம். புருஷன் போனப்புறம் அவளுக்குன்னு இருந்தது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, அந்தக் கை மேல நாங்க வெச்சிருந்த நம்பிக்கை. இன்னொண்ணு, அவ பொண்ணு ரெனிட்டா.

ரெனிட்டாவுக்கு அப்போ பதினஞ்சு வயசு. ரசாயனப் பாடத்துல பேய் மாதிரி படிப்பா. ஆன் ஆர்பர்ல இருக்கிற பெரிய யூனிவர்சிட்டிக்குத்தான் போவேன்னு ஒத்தைக் கால்ல நின்னா. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஆய்வுக்கூடம்னு போர்டு மட்டும்தான் இருக்கும். குழாயைத் திறந்தா பழுப்புத் தண்ணி வரும். அங்க படிச்ச பிள்ளையையும், வீட்டுக்கே வாத்தியார் வந்து படிச்ச பிள்ளையையும் ஒரே அளவுகோலால அளந்தா அது நியாயமா? அதனாலதான் கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கிறப்ப அவங்க நிறத்தையும், அந்த நிறத்தால அவங்க பட்டதையும் சேர்த்துப் பார்க்கலாம்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு. யாரும் தூக்கிக் குடுத்த தர்மம் இல்லைங்க அது. எங்க அப்பன்மாருங்க தெருவுல அடிபட்டு வாங்கினது. நான் சொல்ற வருஷம் ரெண்டாயிரத்து நாலு. அதுக்கு முந்தின வருஷம்தான் நாட்டோட பெரிய கோர்ட்டு அதை அடியோட வெட்டாம விட்டு வெச்சிருந்தது.

அந்த வருஷம் அக்டோபர் மாசம் ராஸ்கோ டீக் வந்தான்.

ராஸ்கோ எங்க ஆளு. எங்க பாடகர் குழுவுல வெர்டெல் பக்கத்துல நின்னு பாடி வளர்ந்தவன். டெட்ராய்ட்டுக்குப் பிழைக்கப் போனவன், வெர்டெல் புருஷன் செத்தப்ப ஓடி வந்து சவப்பெட்டிக்குத் தோள் குடுத்தான். அன்னைக்கு மழை. அவன் போட்டிருந்த நல்ல ஷூ சேத்துல போச்சு, அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. வெர்டெல் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பா! அந்த ராஸ்கோ ஒரு பெட்டி நிறையத் தாளோட வந்து அவ சமையலறையில உட்கார்ந்தான். நானும் இருந்தேன்.

"வெர்டி, இதுக்கு நம்ம ஜனங்க கையெழுத்து வேணும். காலேஜ்ல நம்ம பிள்ளைங்களுக்கு இருக்கிற வழியைக் காப்பாத்தறதுக்கு. ஊர் ஊரா வாங்கறோம். இங்க நீ வாங்கிக் குடு."

வெர்டெல் தாளை வாங்கிப் பார்த்தா. தலைப்புல கொட்டை எழுத்துல 'குடிமை உரிமை'ன்னு போட்டிருந்தது. அந்த வார்த்தையைப் பார்த்தா எங்க வயசுக்காரங்களுக்கு எங்க அப்பன்மாருங்க போராட்டத்தைத் தவிர வேற ஒண்ணும் தோணாது. அதுக்குக் கீழே எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்து.

"இது ரெனிட்டா மாதிரி பிள்ளைங்களுக்குத்தானே, ராஸ்கோ?"

"ஏய், நான் உன்கிட்டப் பொய் சொல்வேனா?"

"வாங்கித் தர்றவங்களுக்குக் கையெழுத்துக்கு இவ்வளவுன்னு குடுக்கறாங்களாமே, எனக்கு அதெல்லாம் வேணாம்"னுட்டா வெர்டெல். "என் பொண்ணுக்குச் செய்யறதுக்குக் கூலி வாங்குவேனா?"

அந்த வாரக் கடைசியில கதவுக்காரங்க எங்களுக்கான விசேஷ நாள். ஆராதனை முடிஞ்சு கீழ்த்தளத்துல சாப்பாடு. பொரிச்ச கோழி, கீரை, பீச் பழப் பலகாரம். வெர்டெல் கையுறையைக்கூடக் கழட்டலை. அட்டையில தாளைக் கோத்துக்கிட்டு மேசை மேசையா வந்தா.

"முதல் கையெழுத்து உங்களோடதுதான் பிரதர் லெம்"னு என் முன்னால நீட்டினா.

"எதுக்கு? என் வீட்டை எழுதி வாங்கறியா?"

"உங்க வீட்டுக்குக் கூரை ஒழுகுதே, அது எனக்கு எதுக்கு!"

மேசையே சிரிச்சது. நான் போட்டேன். முதல் வரி என்னுது. சபையில மூத்தவங்க மதர் ஒதெல்லா. "கண்ணாடி வீட்டுல இருக்குடி, எங்க போடணும்னு விரலை வை"ன்னாங்க. வெர்டெல் விரலை வெச்சா, அவங்க போட்டாங்க. கடைசியா வெர்டெல் ராஸ்கோகிட்டப் பேனாவை நீட்டினா. அவன் கோழிக்காலைக் கையில வெச்சுக்கிட்டு, "கையெல்லாம் எண்ணெய் வெர்டி, அப்புறம் போடறேன்"னான். ரெண்டு வாரத்துல நூத்தி எண்பத்தேழு கையெழுத்து. ஒவ்வொரு தாளுக்கும் அடியில, கையெழுத்து வாங்கினவங்க நாங்கதான்னு உறுதி சொல்ற இடம் ஒண்ணு இருந்துச்சு. அத்தனையிலயும் வெர்டெல் தன் பேரை எழுதிக் குடுத்தா.

ஜனவரி மாசம் பனி கொட்டிக்கிட்டிருந்த ஒரு சாயங்காலம். நான் மீன் கொண்டு போய்க் குடுத்துட்டு வெர்டெல் வீட்டுல உட்கார்ந்திருக்கேன். ரெனிட்டாவுக்குப் பள்ளிக்கூடத்துல குடிமைப் பாடத்துக்கு ஏதாவது நிஜ மனுவைப் பத்தி எழுதிட்டு வரச் சொல்லியிருந்தாங்க. ராஸ்கோ குடுத்ததுல எழுதாத தாள் ஒண்ணு வெர்டெல் பைபிளுக்குள்ள மிச்சம் இருந்தது. பொண்ணு அதை எடுத்து விளக்குக்கு அடியில வெச்சுப் படிச்சா. ஒரு தடவை படிச்சா. மறுபடியும் முதல்ல இருந்து படிச்சா.

"அம்மா, இதுல தடை செய்யணும்னு போட்டிருக்கு."

"யாரைத் தடை செய்யணுமாம்?" வெர்டெல் மீனைத் திருப்பிக்கிட்டே கேட்டா.

"அரசாங்கக் காலேஜ்ல சேர்க்கிறப்ப நிறத்தைக் கணக்குல எடுக்கக் கூடாதுன்னு சட்டம் போடணுமாம். அதுக்கு ஓட்டு வைக்கச் சொல்லித்தான் கையெழுத்து." தாளைக் கீழே வெச்சுட்டு அம்மாவைப் பார்த்தா. "யாரையோ இல்லைம்மா. என்னைத்தான்."

வெர்டெல் அடுப்பை அணைச்சா. தாளை வாங்கிக்கிட்டு ஜன்னல்கிட்டப் போனா. பொடி எழுத்தை விரலை வெச்சு ஒவ்வொரு வார்த்தையா படிச்சா. சே! முப்பத்தோரு வருஷம் ஆலையில ஒவ்வொரு காகிதத்தையும் யூனியன்காரன் படிச்சுச் சொன்னப்புறம்தான் போட்டவன் நான். கோழிக்கறி வாசத்துல, ஒரு வெள்ளைக் கையுறையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன்.

மறுநாளே டெட்ராய்ட்டுக்கு வண்டியை விட்டோம். ராஸ்கோ கதவைத் திறந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் முகத்துல ஈயாடலை.

"எனக்கும் தெரியாது வெர்டி. மேல இருக்கிறவங்க சொன்னதைத்தான் சொன்னேன். என்னையும்தான் ஏமாத்திட்டாங்க."

"டேய், யாருக்குக் காது குத்தற?" நான் பாய்ஞ்சேன். வெர்டெல் என் கையைப் பிடிச்சு நிறுத்தினா. குரலே உயராம கேட்டா.

"அன்னைக்கு உனக்குப் பேனா நீட்டினேன் ராஸ்கோ. கையில எண்ணெய்னே. அப்புறம் ரெண்டு வாரம் இருந்தே. கை கழுவவே இல்லையா?"

அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால அறையில டிவி ஓடிக்கிட்டிருந்தது. ஒரு பொண்ணு சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு, அவன் மக.

"என் பொண்ணும் அடுத்த வருஷம் ஆன் ஆர்பருக்குத்தான் விண்ணப்பம் போடறா வெர்டி"ன்னான் மெதுவா. "நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

சொல்லி முடிச்சப்புறம்தான் என்ன சொன்னோம்னு அவனுக்கே உறைச்சது. அடப்பாவி! ஷூ சேத்துல போனாலும் தோள் குடுத்தவன். தன் பொண்ணுக்கு ஆகாதுன்னு தெரிஞ்ச தாளை எங்க பிள்ளைங்களுக்குன்னு கொண்டு வந்து நீட்டியிருக்கான். அதுவும் தன் கையால இல்லை, அவ கையால. வெர்டெல் வண்டியில ஏறிக்கிட்டா. சாகினா வர்ற வரைக்கும் கண்ணைத் துடைச்சுக்கிட்டே வந்தா. துடைக்கத் துடைக்க வந்தது.

ஆனா விட்டுடலை. மாகாணத் தலைநகர் லான்சிங்குக்குப் போய் அதிகாரிங்க கால்ல விழாத குறையா கேட்டா. தாள் போய்ச் சேர்ந்தாச்சு, திருப்ப முடியாதுன்னாங்க. ஏமாந்து போட்டோம்னு ஜனங்களே எழுதிக் குடுத்தா, இதைப் பத்தி அரசாங்கம் நடத்தற விசாரணையில வைக்கலாம்னு ஒரு வக்கீல் வழி சொன்னார். அவளும் அட்டையும் பேனாவுமா அதே வீடுகளுக்கு மறுபடி போனா. நானும் கூடப் போனேன்.

என்ன நடந்ததுன்னு நினைக்கறீங்க? முக்காவாசிப் பேர் போட மாட்டேன்னுட்டாங்க.

"இன்னொரு கையெழுத்தா? போன தடவை போட்டதே போதும் தாயே"ன்னு ஒருத்தன் கதவைச் சாத்தினான். மதர் ஒதெல்லா கண்ணாடியை மாட்டிக்கிட்டு அரைமணி நேரம் படிச்சாங்க. அப்புறம், "எனக்கு இதுல நல்லதும் தெரியலை, கெட்டதும் தெரியலைடி. என் பேரன் வரட்டும், கேட்டுச் சொல்றேன்"னு திருப்பிக் குடுத்துட்டாங்க. நூத்தி எண்பத்தேழு பேர்ல எழுதிக் குடுத்தது நாப்பத்தொண்ணு. அதுல ஒருத்தன் நான்.

விசாரணையில வெர்டெல் எழுந்து நின்னு எல்லார் முன்னாலயும் சொன்னா. எதிர்த்தரப்பு ஆள் ஒரு தாளைத் தூக்கிக் காட்டி, "இதுக்கு அடியில இருக்கிறது யார் கையெழுத்தும்மா?"ன்னான்.

"என்னுது."

"ராஸ்கோ டீக்னு இதுல எங்கயாவது இருக்கா?"

"இல்லை."

"அப்போ ஏமாத்தினது யாரு?"

நாக்கைப் பிடுங்கிக்கிட்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. அவ மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, தாளுல இருந்த தன் பேரையே பார்த்தா. கடைசியில அதிகாரிங்க, கோர்ட்டு எல்லாரும் கையை விரிச்சாங்க. ரெண்டாயிரத்து ஆறு நவம்பர்ல அந்தச் சட்டம் ஓட்டுக்கு வந்துச்சு. நாங்க வரிசையில நின்னு வேண்டாம்னு குத்தினோம். எங்க நூத்தி எண்பத்தேழு இல்லைன்னாலும் அவங்களுக்கு வேண்டிய கையெழுத்து சேர்ந்திருக்கும், எனக்குத் தெரியும். அவகிட்ட ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன். காதுலயே ஏறலை. சட்டம் ஜெயிச்சது.

அடுத்த வசந்தத்துல ஆன் ஆர்பர்ல இருந்து ரெனிட்டாவுக்குக் கடிதம் வந்தது. இடமில்லை. சட்டத்தாலயா, அந்த வருஷம் போட்டி கூடவா, அவ மார்க்குல ஒண்ணு ரெண்டு குறைஞ்சுதா, யாருக்குத் தெரியும்? அந்தத் தெரியாததுதான் வெர்டெல்லை அரிச்சது. பொண்ணு, "பரவாயில்லைம்மா, இங்கயே பக்கத்துல படிக்கறேன்"னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லலை.

வெர்டெல் ஞாயித்துக்கிழமை கதவை மட்டும் விடலை. ஆனா எங்க ஜனங்க பண்ணினது இருக்கே! அவ ஆராதனைத் தாளை நீட்டுவா, ஒரு ஆள் வாங்க மாட்டான். முதல்ல குனிஞ்சு படிப்பான். மேல இருந்து கீழ வரைக்கும், பாட்டு நம்பர், ஜெபக்கூட்டம், அடுத்த வாரச் சாப்பாடு, எல்லாம் படிச்சப்புறம்தான் கை நீளும். "சிஸ்டர், இதுல எங்க கையெழுத்துப் போடணும்?"னு ஒரு வாலு கேட்டுட்டான். பின்வரிசை களுக்குனு சிரிச்சது. ஆராதனை முடிஞ்சதும் வண்டி நிறுத்தற இடத்துல நான் அவன் சட்டையைப் பிடிச்சுட்டேன். "அவ ஏமாந்தவடா! இருபத்திரண்டு வருஷம் உங்கப்பன் மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை குடுத்த கை அது"ன்னு கத்தினேன்.

அந்த ஜூலையில எனக்கு முழங்கால்ல ஆபரேஷன். கதவுல நிக்க முடியாது, மூணாவது பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். வெக்கை தாங்கலை, வேர்த்துக் கொட்டுது. பாட்டு உச்சத்துல போய்க்கிட்டிருக்கு. பக்கத்துல ஒரு வெள்ளைக் கையுறை வந்துச்சு. அதுல ஒரு அட்டை விசிறி.

நான் வாங்கலை. என் கை தானா சட்டைப் பைக்குப் போச்சு. கண்ணாடியை எடுத்து மாட்டினேன். விசிறியில அச்சடிச்சிருந்த சவ அடக்கக் கடை விளம்பரத்தைக் கடைசி வரி, போன் நம்பர் வரைக்கும் படிச்சேன். படிச்சு முடிச்சு நிமிர்ந்தப்பதான் என்ன பண்ணிட்டேன்னு எனக்கே தெரிஞ்சது. அவ என் கண்ணாடியையே பார்த்துக்கிட்டு நின்னா.

"படிச்சாச்சா பிரதர் லெம்?"

கிண்டலே இல்லை அந்தக் குரல்ல. கோபமா கேட்டிருந்தாகூடத் தாங்கியிருப்பேன். "வெர்டெல், நான்..."னு வாயைத் திறந்தேன். அவ விசிறியை என் மடியில வெச்சா. ரெண்டு கையுறையையும் ஒவ்வொரு விரலா உருவி, ஒண்ணு மேல ஒண்ணா மடிச்சு, பெஞ்சுல என் பக்கத்துல வெச்சா. அப்புறம் நடந்து போய், ரெனிட்டா பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டா.